குமிழ் பதிந்த வானம்

ஜூன் 3

நாத்தனார் கட்டெறும்புக்கு உன் அண்ணி எழுதுவது.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எடுக்காதே. நான் பேச ஆரம்பித்தால் உன்னை ஒரு வார்த்தை பேச விட மாட்டேன் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் கடிதம். இதில் நீ என்னை இடையில் நிறுத்த முடியாது, நானும் உன்னை நிறுத்த முடியாது.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். உன் அண்ணனிடம் கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்"னார். மறுபடி கேட்டதற்குச் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்த நாள் காலையில் அடுப்பு மேடையில் ஒரு சீட்டை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை. எல்லோரும் என்றால் அவர் ஒருவர்தான், இருந்தாலும்.

நீ போனபிறகு முதல் படம் கிளம்ப வேண்டியிருக்கிறது. டீச்சரம்மா வாங்கினாரே, படிக்கட்டுப் படம், அதுதான். நானே கட்டினேன். பழைய போர்வை, அதன் மேல் பபிள் ஷீட், அதன் மேல் சணல் கயிறு. கூரியர் ஆபீஸ் பெண் பார்த்துவிட்டு, "மேடம், இது படமா, தலையணையா?" என்றாள். திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த ஒன்பது வருஷமும் படத்தை வரைந்து சுவரில் சாய்த்து வைத்தால் என் வேலை முடிந்தது. அப்புறம் அது பெட்டிக்குள் போவதும், கப்பலோ விமானமோ ஏறுவதும், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் கீறல் இல்லாமல் போய்ச் சேருவதும் உன் பாடு. உன்னைவிடப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ படி இறங்குவதைப் பார்த்துத்தானே உனக்குக் கட்டெறும்பு என்று பெயரே வைத்தேன். இப்போது டேப் ஒட்டும் மெஷின் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நீ ஏன் போனாய் என்றும் தெரியவில்லை. வெளிநாட்டுக் கண் டாக்டருக்கு அனுப்பிய வானப் படத்தில் பபிள் ஷீட் குமிழெல்லாம் வட்டம் வட்டமாகப் பதிந்திருப்பதை அவர் அனுப்பிய போட்டோவில் பார்த்தேன், கத்தினேன். யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஆனால் மறுநாளே அந்த மனுஷர் வட்டங்கள்தான் அழகு என்று உருகி உருகி எழுதிவிட்டாரே. அதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டுமாம், தன் மருத்துவமனை வரவேற்பறைக்கு. யாருக்கு என்ன நஷ்டம்? கத்தினபோது போகாமல், எல்லாம் சரியானபிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

எப்படிக் கட்ட வேண்டும் என்றாவது எழுது.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

டேப் மெஷின் தையல் மெஷின் மூடிக்குள் இருக்கிறது. பட்டர் பேப்பர் சுருள் கட்டிலுக்கு அடியில். அதை நிமிர்த்தி வைக்காதீர்கள், ஓரம் மடங்கிவிடும்.

முதலில் வண்ணம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பது என்றால் கண்ணால் இல்லை, படத்தின் ஓரத்தில் தடியாகப் பூசிய இடத்தில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். பிறகு படத்தின் முகத்தில் பட்டர் பேப்பர் மட்டும்தான் பட வேண்டும். அதைப் பின்பக்கம் மடித்து, டேப்பை மரச்சட்டத்தில் ஒட்டுங்கள். முகத்தில் டேப் பட்டால் எடுக்கும்போது வண்ணமும் கூடவே வந்துவிடும். நான்கு மூலைக்கும் அட்டையில் தொப்பி மடித்துப் போடுங்கள். முன்னும் பின்னும் படத்தைவிட இரண்டு விரல் அகலமாக அட்டை. அதற்கு மேல்தான் பபிள் ஷீட், குமிழ் வெளியே பார்க்கும்படி. இறுக்காதீர்கள். பிறகு தண்ணீர் போகாமல் பிளாஸ்டிக் உறை. பிறகு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளி விட்டு இன்னொரு பெட்டி. இடைவெளியில் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

மூடியபிறகு பெட்டியைக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் பிரித்து முதலிலிருந்து கட்டுங்கள். போர்வையை எடுத்துத் துவைத்து வையுங்கள், அண்ணனுக்குத் தும்மல் வரும்.

வேறொன்றும் இல்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. டாக்டர் படத்துக்கு நான் பட்டர் பேப்பர் போட்டேன். குமிழ் வெளியே பார்க்கும்படிதான் சுற்றினேன். அன்று நீங்கள் கத்தியபோது இதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இனி சொல்ல மாட்டேன்.


ஜூன் 16

கட்டெறும்பே,

நீ எழுதியபடியே கட்டினேன். இரண்டு பெட்டி, மூலைத் தொப்பி எல்லாம். குலுக்கினேன். 'கிளிங்' என்றது. பிரித்தேன். உள்ளே கத்தரிக்கோல். மறுபடி கட்டிக் குலுக்கினேன். இந்தத் தடவை சத்தமில்லை, ஆனால் பட்டர் பேப்பர் சுருளில் பாதியைக் காணோம். எவ்வளவு சுற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. கூரியர் பெண் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க வந்துட்டாங்களா மேடம்?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். நான்தான் கட்டினேன் என்றேன். அவள் நம்பவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் கேட்ட இரண்டு படம். வானம் வரைந்தாகிவிட்டது, கீழே கிடங்குக் கூரைகளும் வரிசையாக வந்தாகிவிட்டன. வட்டம்தான் வர மாட்டேன் என்கிறது. தூரிகையின் பின்முனையால் குத்திப் பார்த்தேன். மாத்திரை டப்பா மூடியை அழுத்திப் பார்த்தேன். கடைசியில் ஈர வண்ணத்தின் மேல் பபிள் ஷீட்டையே வைத்து அழுத்தினேன். உன் அண்ணன் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"வானத்துக்கு அம்மை போட்டிருக்கு"ன்னார்.

"டாக்டர் இதைத்தான் கேக்குறார்."

"அவர் கண் டாக்டர்தானே? தோல் டாக்டர் இல்லையே?"

சிரிக்க முடியவில்லை எனக்கு. அவர் அனுப்பிய போட்டோவில் வட்டங்கள் ஒரு பக்கம் கனத்து, இன்னொரு பக்கம் லேசாகி, மழை எங்கோ தொடங்கி இந்தப் பக்கம் வந்துகொண்டிருப்பதுபோல் இருக்கின்றன. நான் அழுத்தினால் எல்லாம் ஒரே மாதிரி, சீட்டில் முத்திரை குத்தினதுபோல் விழுகின்றன.

நீ பட்டர் பேப்பர் போட்டேன் என்கிறாய். போட்டிருந்தால் எப்படிப் பதியும்? பதிந்திருக்கிறதே. வண்ணம் காயாமல் இருந்ததோ என்னவோ. கட்டுவதற்கு முன்னால் வானத்தில் ஒரு மூலையைத் தூரிகையால் லேசாகத் தொட்டேன் என்று ஞாபகம். ஒரு மூலையா, முழு வானமுமா என்று இப்போது நினைத்தால் குழம்புகிறது. உன்னிடம் சொன்னேனா, சொல்லவில்லையா, அதுவும் ஞாபகமில்லை.

யார் தப்பு என்று நான் கேட்கவில்லை. தப்பாகவே இருக்கட்டும், அதை எப்படிச் செய்தாய் என்று மட்டும் சொல். எவ்வளவு இறுக்கினாய்? மேலே ஏதாவது கனம் வைத்தாயா? வெயிலில் வைத்தாயா? தெரிந்து செய்யாததைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டிய நிலையில் நான் இருக்கிறேன். கொஞ்சம் உதவி பண்ணு.

அண்ணி


ஜூன் 24

அண்ணிக்கு,

இங்கே நான் கை கழுவும் தொட்டி, கழிப்பறைப் பீங்கான் எல்லாம் கட்டி அனுப்பும் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பீங்கானுக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. உடைந்தது, உடையவில்லை, இவ்வளவுதான் விஷயம். உடைந்தால் சூப்பர்வைசர் வந்து, "யார் கட்டினது?" என்று கேட்பார். கட்டினவர் கையைத் தூக்குவார். நன்றாகப் போய்ச் சேர்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு இது பழகின ஏற்பாடுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். படம் கெடாமல் போக என்ன வழி என்று ஒன்பது வருஷம் தேடினேன். இப்போது கெடுக்க என்ன வழி என்று என்னிடமே கேட்கிறீர்கள்.

நான் ஏன் போனேன் என்று கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

டாக்டர் வட்டங்களைப் புகழ்ந்து மெயில் அனுப்பினார் இல்லையா. அவருக்கு நீங்கள் எழுதிய பதிலைப் படித்தேன். ஒளிந்து படிக்கவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்ததா என்று வாங்குகிறவர்களுக்கு எழுதுவது நான்தானே, அந்த மெயில் பெட்டியை நான்தானே தினமும் திறக்கிறேன். "இந்த வட்டங்கள் பல மாத முயற்சிக்குப் பிறகு நானே கண்டுபிடித்த முறை" என்று எழுதியிருந்தீர்கள்.

முந்தின நாள் அதே வட்டங்களைக் காட்டித்தான், நான் உங்கள் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னீர்கள். கெடுத்தது நான் என்றால், நன்றாக வந்ததும் நான்தானே அண்ணி? நன்றாக வந்தது நீங்கள் என்றால், கெட்டதும் நீங்கள்தானே? திட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாராட்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இரண்டில் ஒன்றையாவது மாற்றிக் கொடுத்திருக்கலாம்.

இதில் எனக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. நான் ஒழுங்காகத்தான் கட்டினேன் என்று சத்தியம் பண்ணத் தயார். ஆனால் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்தப் பாராட்டிலும் எனக்குப் பங்கு கிடையாது. பங்கு வேண்டும் என்றால் தப்பாகக் கட்டினேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எதைச் சொல்வது என்று தெரியாமல்தான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

எவ்வளவு இறுக்கினேன் என்று கேட்டிருந்தீர்கள். எப்போதும்போலத்தான்.


ஜூலை 2

கட்டெறும்பு,

அந்தப் பதிலைத் தேடி எடுத்துப் படித்தேன். நீ எழுதியது சரிதான், ஒரு எழுத்து மாறவில்லை. 'பல மாத முயற்சி' என்று எழுதியவள் யார் என்று பார்க்கிறேன், அடியில் என் பெயர் இருக்கிறது.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பாய். அவர் "கையாலேயே செய்தீர்களா?" என்று கேட்டிருந்தார். ஆமாம் என்று எழுத உட்கார்ந்தேன். இல்லை என்று எழுதினால் அந்தப் படம் என்ன ஆகும்? குப்பையா? அவர் அதன் முன்னால் காலை வேளையில் உட்கார்ந்து காப்பி குடிப்பதாக எழுதியிருந்தார். இருபது வருஷமாக வரைகிறேன், என் படத்தின் முன்னால் ஒருத்தர் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்ததாக யாரும் எழுதியதில்லை. அதை விட மனசு வரவில்லை. உன்னை நினைக்கவே இல்லை என்பதுதான் நிஜம். நினைத்துவிட்டு மறைத்திருந்தால்கூட நான் கெட்டவள் என்று வைத்துக்கொள்ளலாம். நினைப்பே வரவில்லை, இதற்கு என்ன பெயர்?

நேற்று டாக்டருக்கு எழுதிவிட்டேன். வட்டம் என்னுடையது இல்லை, வழியில் பபிள் ஷீட் பதிந்ததால் வந்தது, கட்டியவள் என் நாத்தனார் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அனுப்பியபிறகுதான் உன் அண்ணனிடம் சொன்னேன்.

"யாரைக் கேட்டு அனுப்பினே?"ன்னார்.

"யாரைக் கேக்கணும்?"

"தெரியல. ஆனா யாரையோ கேட்டிருக்கணும்போல இருக்கு."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அண்ணி


ஜூலை 9

அண்ணி,

என்னைக் கேட்டிருக்கலாம்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? அவர் யார், நான் யார்? அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது பெட்டி மேல் ஒட்டிய விலாசத்தோடு எனக்கு மறந்துபோன விஷயம். என்னிடம் சொல்லியிருந்தால் போதும். "ஏய், நீ கட்டின கட்டுக்கு அந்த ஆள் மயங்கிட்டான்டி" என்று ஒரு தடவை சமையலறையில் நின்று சொல்லிச் சிரித்திருந்தால் நான் இங்கே பீங்கான் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

இப்போது அந்த மனுஷருடைய காலைக் காப்பியையும் கெடுத்துவிட்டோம். யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டீர்கள், இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன். பாதியில் பாவமாகப் போய்விட்டது. பிறகு பாவமாகப் போனதற்காக என் மேலேயே கோபம் வந்தது. இதற்கு மேல் எழுதினால் பேனா எங்கே போகும் என்று தெரியவில்லை.

டீச்சரம்மாவுக்குப் படம் போய்ச் சேர்ந்ததா?


ஜூலை 25

கட்டெறும்புக்கு,

டீச்சரம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூலையில்கூட ஒரு நசுங்கல் இல்லையாம். பிரித்து எடுக்க அரை நாள் ஆனதாம், உள்ளே படம் இருக்கிறதா என்றே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டதாம்.

டாக்டர் பதில் எழுதிவிட்டார். நீளமான கடிதம் இல்லை. கோபமும் இல்லை, அதுதான் கஷ்டம். "முன்பு அதில் மழை தெரிந்தது. இப்போது பிளாஸ்டிக் தெரிகிறது. நீங்கள் சொன்னதற்கு நன்றி. சொல்லாமல் இருந்திருந்தாலும் நன்றியோடுதான் இருந்திருப்பேன். ஆனால் தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள எனக்கு வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். படத்தைத் திருப்பி அனுப்புகிறாராம். மற்ற இரண்டும் வேண்டாமாம். அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். படம் அதேதான், சுவர் அதேதான், பார்க்கிற கண்ணும் அதேதான், அதுவும் கண் டாக்டருடைய கண். ஒரு கடிதம் உள்ளே நுழைந்ததும் மழை நின்றுவிட்டது. அப்படியென்றால் முதலில் அவர் பார்த்தது எதை? எனக்கு ஓவியம் தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டால் திட்டுவாய், ஆனாலும் செய்துவிட்டேன். திருப்பி அனுப்ப உன் விலாசத்தைக் கொடுத்தேன். இங்கே வந்தால் நான் அதைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். இல்லாவிட்டால் பிரித்து, மேலே வண்ணம் பூசிவிடுவேன். இரண்டும் சரியில்லை என்று மட்டும் தெரிகிறது. நீ பிரி. என்ன செய்ய வேண்டும் என்று உனக்குப் படுகிறதோ அதைச் செய்.

அண்ணி


ஆகஸ்ட் 11

அண்ணி,

படம் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

கூரியர்காரர் பெட்டியை வைத்துவிட்டு, "என்னம்மா, உள்ள பஞ்சு மெத்தையா?" என்று கேட்டார். பிரித்தால் நிஜமாகவே பஞ்சு. டாக்டருடைய ஆட்கள்தான் கட்டியிருக்க வேண்டும். நான்கு மூலைக்கும் பஞ்சு வைத்து பேண்டேஜ் துணி சுற்றி, ஒவ்வொரு முனையையும் அழகாக முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்போல் இருந்தது படம். ஒரு கீறல் இல்லை. சொல்லக் கூடாது, ஆனால் நல்ல கட்டு.

ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்தேன். டாக்டர் அனுப்பிய போட்டோவில் இதில் பாதிகூடத் தெரியவில்லை அண்ணி. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு ஓரத்தில் சின்ன நிழல் வருகிறது. நான் அறைக்குள் நடந்தால் நிழலும் நகர்கிறது. மழை வரப்போகிறதா, பெய்து ஓய்ந்ததா என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். இது என் கையால் வந்தது என்று நினைத்தேன். உங்களிடம் மறைப்பானேன், அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு பழக்க தோஷத்தில் கிட்டே போய்ப் பார்த்தேன். வட்டம் ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. நம் வீட்டில் நான் வாங்குவது பெரிய குமிழ் ஷீட் மட்டும்தான், சட்டைப் பொத்தானைவிடப் பெரிய குமிழ். சின்னக் குமிழ் ஷீட்டை நான் இந்தக் கிடங்குக்கு வந்தபிறகுதான் கையால் தொட்டேன். ஒரு துண்டு எடுத்துவந்து படத்தின் மேல் பிடித்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது.

படத்தைத் திருப்பினேன். மரச்சட்டத்தில் நான் ஒட்டிய பட்டர் பேப்பரின் விளிம்பு மட்டும் டேப்போடு அப்படியே இருக்கிறது. மீதியை யாரோ பிளேடால் நேராக அறுத்து எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர். சோதனைக்காகத் திறந்து மூடியது என்று அச்சடித்து, மேலே தேதி முத்திரை. டாக்டருக்குப் போய்ச் சேர்வதற்கு நான்கு நாள் முந்தின தேதி. சுங்கத்தில் பிரித்திருக்கிறார்கள் அண்ணி. பிரித்துப் பார்த்துவிட்டு, பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையில் இருந்த சின்னக் குமிழ் ஷீட்டை எடுத்து, குமிழ் உள்ளே பார்க்கும்படி இறுக்கிச் சுற்றி மூடிவிட்டார்கள். வண்ணம் காயாமல் இருந்திருக்கிறது. பதிந்துவிட்டது.

காயாத வானம் உங்களுடையது. வட்டம் யாரோ ஒரு ஆளுடையது. அவனோ அவளோ, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வேலையை முடிக்கிற அவசரத்தில் இருந்திருப்பார்கள். நடுவில் நான் இல்லவே இல்லை.

நான் கெடுக்கவில்லை என்று தெரிந்தால் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். வெறுமையாக இருக்கிறது. இந்த இரண்டு மாதமும் உங்கள் மேல் கோபமாக இருந்தேன் என்றாலும், உள்ளுக்குள் ஒரு திருட்டுப் பெருமை இருந்திருக்கிறது. அதுவும் போய்விட்டது. உங்களிடம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் டாக்டருக்கு நீங்கள் முதலில் எழுதிய 'பல மாத முயற்சி' பதில் ஞாபகம் வந்தது. எழுதியபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் புரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு நான் மனுப் போட்டது நீங்கள் கத்துவதற்கு முன்னாலேயே. தனியாக ஒரு அறை, என் கையில் ஒரு சாவி, அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. கேட்டால் அண்ணன் வருத்தப்படுவார் என்று சொல்லவில்லை. ஆகவே நான் கோபித்துக்கொண்டு போனேனா, போவதற்காகக் கோபித்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் நெஞ்சில் நிற்கிறது. அன்றைக்குக் கத்தும்போது, "ஒட்டிக்கிட்டு இருக்கிறவளுக்கு இந்த வீட்டில இருக்கிறது ஒரே ஒரு வேலை, அதையும்..." என்று நிறுத்தினீர்கள். மீதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ.

படம் இங்கே இருக்கிறது. இது யாருடையது, யாரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள், கட்டி அனுப்புகிறேன்.


ஆகஸ்ட் 19

கட்டெறும்பு,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

உன் அண்ணனிடம் முழுக்கதையும் சொன்னேன். பிளேடு, ஸ்டிக்கர், பட்டாணி அளவு வட்டம், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீங்க?"

"அதான் தெரியல."

"டாக்டர் எதுக்குப் படத்தைத் திருப்பி அனுப்பினார்?"

"அதுவும் தெரியல."

"மொத்தத்துல யாருக்கோ ஏதோ தெரிஞ்சிருந்தா இது நடந்திருக்காது"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போய்விட்டார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் அவர் சிரிப்பது கேட்டது. எனக்கும் வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது, உன் கடிதத்தின் கடைசிப் பகுதி ஞாபகம் வந்து.

பேப்பரை அறுத்தது அந்த ஆள். தப்பாகச் சுற்றியது அந்த ஆள். வட்டத்தைப் பதித்ததும் அந்த ஆள்தான். எல்லாவற்றையும் தூக்கி அவன் தலையில் போட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் கையைத் தட்டிவிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. அது நான் சொன்னது. வழியில் யாரும் பிரித்து மாற்றவில்லை. என் வாயிலிருந்து கிளம்பியபடியே உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மீதியை என்ன சொல்ல வந்தேன் என்று யோசித்தேன். வாக்கியத்தை முடிக்காமல் விட்டது உன் முகத்தைப் பார்த்துத்தான். பார்த்தபிறகாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் டாக்டர் மெயில் வந்ததும் நடந்தது எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். சரியானது படம் மட்டும்தான், அதுவும் ஆகவில்லை என்று இப்போது தெரிகிறது. நீ ஒட்டிக்கொண்டு இருந்ததில்லை. உன்னை ஒட்டிக்கொண்டு நான்தான் இருந்திருக்கிறேன். டேப் மெஷின் எங்கே என்று தெரியாதவள் வேறு எப்படிச் சொல்வது? தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள். மன்னிக்க வரவில்லை என்றால் அவசரமில்லை.

திரும்பி வா என்று எழுதப் போவதில்லை. எழுதிவிட்டு அடித்தேன், அதனால்தான் இந்த வரிக்கு மேலே இவ்வளவு கறுப்பு. உனக்கு ஒரு அறை, உன் கையில் ஒரு சாவி, அது நன்றாக இருக்கிறது என்றால் இருக்கட்டும். உன் அண்ணன் வருத்தப்படத்தான் செய்வார், பழகிக்கொள்வார். நானும்தான்.

படம் யாருடையது என்று கேட்டிருந்தாய். மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டருடையது என்றேன், அவர் வேண்டாம் என்றுவிட்டார். உன்னுடையது என்று சொல்ல வந்தேன், நீ சம்பந்தமே இல்லை என்று நிரூபித்துவிட்டாய். என்னுடையது என்றால் நான் அதை இன்னும் பார்க்கவே இல்லையே. போட்டோவைப் பார்த்துக் கத்தினேன், போட்டோவைப் பார்த்துப் பொய் சொன்னேன், போட்டோவைப் பார்த்து உண்மையும் சொன்னேன். வட்டம் விழுந்த அந்தப் படத்தை நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அதனால் கட்டி அனுப்ப வேண்டாம். ஜன்னல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். உன் அண்ணனும் வருகிறேன் என்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பார்த்தால் எனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா தெரியவில்லை. பிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதும் தெரியவில்லை. எதற்கும் நீ வீட்டில் இரு.

அண்ணி